வண்டிக்குள்ளே ஒரு அடுக்களை: சுத்துறது பேட்டரியில், சூடாக்குறது கேஸில்

(மணவாளக்குறிச்சியில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதக் கூட்டத்திலே ரெண்டு குழுக்கள் சேர்ந்து ஒரு கடன் மனு கொடுத்தாங்க. பழைய வேன் ஒண்ணு வாங்கி, அதுக்குள்ளே அடுக்களை அமைத்து, வேளாங்கண்ணி, திருச்செந்தூர், ராமேஸ்வரம்னு போகிற பெண்களுக்கு வாடகைக்கு விடலாம் என்பது அவங்க திட்டம். ஓட்டல், லாட்ஜ் செலவு இல்லாமல் வண்டியிலேயே தங்கி, சமைத்து, சாப்பிட்டு வரலாம். மனுவின் கடைசியில் இப்படி எழுதியிருந்தாங்க: "மிக்ஸி, கிரைண்டர், ரைஸ் குக்கர், பிரிட்ஜ் எல்லாம் வீட்டிலேயே இருக்கு. அதையே ஏற்றிக் கொள்வோம். புதிதாக ஒன்றும் வாங்க வேண்டாம்."

யோசனை நல்ல யோசனை. நம்ம பெண்களுக்கு வருமானம் வரும் தொழில். ஆனால் அந்தக் கடைசி வரியை மட்டும் நாம எல்லாரும் சேர்ந்து ஒரு தடவை அலசிப் பார்த்துவிட்டுத்தான் தீர்மான நோட்டில் எழுதணும். அதிலே கடன் பணமும் இருக்கு, உயிரும் இருக்கு.

வண்டியில் குடித்தனம் நமக்குப் புதுசா?

புதுசு இல்லை. மாசிக் கொடைக்கு மண்டைக்காட்டுக்கு வருகிறவங்களைப் பாருங்க. வேனிலே பானையும் அரிசியுமா வந்து, பொங்கலிட்டு, சாப்பிட்டுப் போறாங்க. நம்ம மாவட்டத்தின் மேற்கே தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை பக்கத்து ஆண்கள் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் படகிலேதான் தூக்கம், படகிலேதான் சாப்பாடு. அதுவும் ஓடுகிற வீடுதான்.

வெளிநாட்டிலே வேலையிலிருந்து ஓய்வு பெற்றவங்க பலர் வண்டியையே வீடாக்கி வருஷக்கணக்கில் ஊர் சுத்துறாங்க. நம்ம பக்கத்திலே கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. ஆக, இந்தத் தொழில் வளரக்கூடிய தொழில்தான்.

இவங்க எல்லாரிடமும் ஒரு பொதுவான பழக்கத்தைப் பார்க்கலாம். வீட்டில் உள்ளதை அப்படியே தூக்கி ஏற்ற மாட்டாங்க. படகிலே மீனைக் காப்பாற்ற ஐஸ் கட்டிதான் போகும். அமெரிக்காவில் வீட்டு வண்டிக்கென்றே கேஸில் ஓடுகிற பிரிட்ஜ் இருக்கு. வண்டியில் எது அரிது, எது தாராளம் என்று கணக்குப் போட்டுத்தான் சாமானைத் தேர்ந்தெடுக்கிறாங்க. நாமளும் அந்தக் கணக்கைப் போடுவோம்.

வீட்டுக் கரண்டும் வண்டிக் கரண்டும்

வீட்டிலே வருவது 230 வோல்ட். வண்டி பேட்டரியில் இருப்பது 12 வோல்ட். நடுவிலே இன்வெர்ட்டர் வேணும். அது பேட்டரிக் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றித் தரும்.

வோல்ட் குறைந்தால் அதே வேலைக்கு ஆம்பியர் கூடும். 500 வாட் மிக்ஸி வீட்டு வயரில் 2 ஆம்பியர் சொச்சம்தான் எடுக்கும். அதே மிக்ஸி 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 40 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதனால் பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையே வீட்டு வயரைப் போட்டால் வயர் சுட்டு உருகும். பருமனான வயர், குறைந்த தூரம், பேட்டரி பக்கத்திலேயே ஒரு பியூஸ். இது மூன்றும் கட்டாயம். டிரைவர் பக்கத்தில் இருக்கும் சிகரெட் லைட்டர் பாயிண்டில் சின்ன இன்வெர்ட்டரைச் சொருகி மிக்ஸி ஓட்டலாமா என்று கேட்கிறாங்க. அந்தப் பாயிண்ட் பெரும்பாலும் 10, 15 ஆம்பியர்தான் தாங்கும். அது செல்போனுக்கு, விளக்குக்கு.

இன்வெர்ட்டரிலும் ரெண்டு ரகம் உண்டு. விலை குறைந்த ஸ்கொயர் வேவ் ரகத்தில் மிக்ஸி, கிரைண்டர், பிரிட்ஜ் மாதிரி மோட்டார் உள்ள சாமான் உறுமும், சூடாகும், சீக்கிரம் கெடும். மோட்டாருக்கு சைன்வேவ் இன்வெர்ட்டர்தான் வாங்கணும். மோட்டார் கிளம்பும்போது எழுதியிருக்கும் வாட்டை விட அதிகம் இழுக்கும் என்பதால், 500 வாட் மிக்ஸிக்கு 1000 வாட் இன்வெர்ட்டர் இருந்தால் நிம்மதி.

பேட்டரி ஒரு சேமிப்புப் புத்தகம்

நமக்குப் பழக்கமான கணக்கிலேயே சொல்லுறோம். பேட்டரி நம்ம சேமிப்புப் புத்தகம் மாதிரி. 12 வோல்ட், 100 ஆம்பியர் பேட்டரியில் முழுச் சார்ஜில் 1200 வாட் மணி இருக்கும். மின்சார பில் கணக்கில் 1.2 யூனிட். சாதாரண ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுசு குறையும். இன்வெர்ட்டரும் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும். ஆக, நம்ம கைக்கு வருவது சுமார் அரை யூனிட். ஒரு நாள் வரவு அவ்வளவுதான்.

இனி செலவைப் பாருங்க.

மிக்ஸி 500 வாட், ஆறு நிமிஷம் ஓடினால்: 0.05 யூனிட்.

டேபிள் டாப் கிரைண்டர் 150 வாட், நாற்பது நிமிஷம்: 0.1 யூனிட்.

மின்சாரக் கெட்டிலில் ஒரு லிட்டர் வெள்ளம் கொதிக்க: 0.1 யூனிட்.

ரைஸ் குக்கர் 700 வாட், அரை மணி நேரம்: 0.35 யூனிட்.

இண்டக்ஷன் அடுப்பு 1500 வாட், இருபது நிமிஷம்: 0.5 யூனிட்.

பார்த்தீங்களா? இண்டக்ஷன் அடுப்பில் இருபது நிமிஷம் சமைத்தால் அன்றைய வரவு முழுசும் போயாச்சு. ராத்திரி விளக்குக்கும் பேனுக்கும் ஒண்ணும் மிஞ்சாது. அதே பேட்டரி மிக்ஸியையும் கிரைண்டரையும் ரெண்டு நாளைக்குத் தாங்கும்.

ஒரு கிலோ கேஸ் எரிந்தால் 12 யூனிட்டுக்கு மேல் வெப்பம் கிடைக்கிறது. அடுப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீணானாலும் ஏழு யூனிட்டாவது பாத்திரத்தில் ஏறும். நம்ம பேட்டரி மாதிரி பதினாலு பேட்டரி சேர்ந்தால்தான் அந்த ஒரு கிலோ கேஸுக்கு ஈடு.

அதனால் ஒரு சொல்லாக ஞாபகம் வச்சுக்கோங்க: சுத்துறது பேட்டரியில், சூடாக்குறது கேஸில். சுத்துகிற மிக்ஸி, கிரைண்டர், பேன் எல்லாம் கொஞ்சம்தான் தின்னும். சூடாக்குகிற கெட்டில், இண்டக்ஷன், ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி எல்லாம் பேட்டரியைக் காலி பண்ணும்.

கூரையிலே சோலார் பலகை வைக்கலாமா என்றால், வைக்கலாம். 100 வாட் பலகை நல்ல வெயில் நாளில் சுமார் 0.4 யூனிட் தரும். சுத்துகிற சாமானுக்கு அது போதும். இன்னொண்ணு, வண்டியை ஸ்டார்ட் பண்ணுகிற பேட்டரியில் அடுக்களைச் சாமானைக் கொடுக்கக் கூடாது. தனி பேட்டரி வேணும். இல்லைன்னா சட்னி அரைத்த பிறகு வண்டியைத் தள்ளித்தான் கிளப்பணும்.

பிரிட்ஜும் சம்பா அரிசியும்

வீட்டுப் பிரிட்ஜ் சின்னதாக இருந்தாலும் ஒரு நாளைக்கு அரை யூனிட் அளவில் கேட்கும். வெயிலில் நிற்கிற வண்டிக்குள்ளே இன்னும் கூடும். குலுங்குகிற பாதைக்குச் செய்யப்பட்டதும் இல்லை. மூணு, நாலு நாள் பயணத்துக்கு நல்ல ஐஸ் பெட்டி ஒண்ணு போதும். மீன், பால், தேங்காய் அரைப்பு தாங்கும். ஐஸ் கரைந்தால் போகிற ஊரில் வாங்கிக்கலாம். ஐஸ் பற்றி மீன் விற்கிற நம்ம அக்காமாருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம்!

நம்ம பக்கத்துச் சம்பா அரிசி வேக நேரம் எடுக்கும், கேஸ் நிறைய போகும். அதுக்கும் வழி இருக்கு. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் பல வருஷத்துக்கு முன்னாடியே பரப்பிய சூடாறாப் பெட்டியை நம்ம ஆட்களில் பலர் பார்த்திருப்பீங்க. சோற்றைக் கொஞ்ச நேரம் நல்லா கொதிக்க விட்டு, மூடி, தெர்மாகோல் வைத்த பெட்டிக்குள் இறக்கி வைத்தால் மீதியை அந்தச் சூடே வேகவைக்கும். வண்டி போய்க்கொண்டிருக்கும்போது அடுப்பு இல்லாமலே சோறு வெந்துவிடும். மூடி திறக்காத மாதிரி கட்டி வையுங்க. வெந்த சோற்றை ஆறுமுன் சாப்பிட்டுவிடணும், பாதிச் சூட்டிலே அரை நாள் வைக்கக் கூடாது.

வீட்டிலேயே செய்ய முடிந்ததை வீட்டிலேயே முடித்துக் கொள்வதும் ஒரு மிச்சம்தான். மசாலாவை வறுத்துப் பொடித்து எடுத்தால் மிக்ஸிக்கு வேலை பாதியாகும். புட்டுப் பொடி, இடியாப்ப மாவு வறுத்து எடுத்தால் கிரைண்டரே வேண்டாம். ஐந்து நிமிஷ ஆவியில் காலைச் சாப்பாடு முடிந்துபோகும்.

கேஸ்: மதுரையில் நடந்தது

கேஸில் சூடாக்கணும் என்று சொன்னோம். எங்கே வைத்து என்பதுதான் அடுத்த கேள்வி.

2023-ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதம் லக்னோவிலிருந்து ஒரு சுற்றுலா ரயில் பெட்டி தெற்கே வந்தது. நம்ம நாகர்கோவிலில்தான் அந்தப் பெட்டியைப் புனலூர்–மதுரை ரயிலோடு சேர்த்தாங்க. மதுரையில் கழற்றித் தனியாக நிறுத்தியிருந்தபோது, ஆகஸ்ட் 26 விடியற்காலை ஐந்தேகால் மணி வாக்கில் தீப்பிடித்தது. ஒன்பது பேர் இறந்தாங்க. பயணிகள் விதியை மீறிக் கொண்டு வந்த கேஸ் சிலிண்டர்தான் காரணம் என்று ரயில்வே அறிவித்தது. புனித யாத்திரைக்கு வந்தவங்க. நம்மளை மாதிரி, கூட்டமாச் சேர்ந்து, சொந்தக் கையால் சமைத்துச் சாப்பிடலாம் என்று வந்தவங்க.

ரயிலில் கேஸும் கூடாது, மண்ணெண்ணெய் அடுப்பும் கூடாது. சிறைத் தண்டனை வரைக்கும் சட்டம் இருக்கு. ரயிலில் செல்போனுக்கு வைத்த பாயிண்டில் கெட்டில் சொருகுவதும் கூடாது.

சமையல் கேஸ் காற்றை விடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையோடு படர்ந்து, மூலையில் தேங்கி நிற்கும். வீட்டிலே கதவு வழியா வெளியேற வழி இருக்கு. வண்டித் தளம் பெட்டி மாதிரி அடைத்திருக்கும். அதனால் சில விஷயங்களைக் கறாராகச் சொல்லுறோம்.

ஆள் தங்குகிற வண்டிக்குள்ளே அடுப்பு வேண்டாம். வண்டியை நிறுத்தி, அடுப்பை வெளியே இறக்கி, காற்றோட்டமான இடத்தில் வைத்துச் சமையுங்க. ஓடுகிற வண்டியில் அடுப்பு பற்றவைக்கவே கூடாது.

சிலிண்டரை ஆட்களோடும் பைகளோடும் போட்டுக் கொண்டு போகாதீங்க. அதுக்குத் தனி அறை வேணும். உள்பக்கம் முழுக்க அடைத்து, வெளிப்பக்கம் அடியிலே காற்றுத் துளை விட்டு, சிலிண்டர் நிமிர்ந்து நிற்கிற மாதிரி கட்டணும். அதே அறையில் பேட்டரியை வைக்கக் கூடாது. பேட்டரி முனையில் வருகிற ஒரு சின்னப் பொறி போதும்.

வீட்டுச் சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்துவது குற்றம். வாடகை வண்டிக்கு வணிகச் சிலிண்டர்தான் வாங்கணும். டியூப் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாக இருக்கட்டும், அதிலே அச்சிட்ட காலம் முடிந்தால் மாற்றுங்க. ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னாடி சோப்பு நுரை தடவிப் பாருங்க. கசிவு வந்தால் கூப்பிட 1906 என்ற எண்ணை வண்டியிலேயே எழுதி வையுங்க. தீயணைக்கும் பவுடர் உருளை ஒண்ணு கதவுப் பக்கம் இருக்கட்டும், அடுப்புப் பக்கம் வேண்டாம். தீ அடுப்பில் பிடித்தால் அதைத் தாண்டிப் போய் எடுக்க முடியாது.

புகை: வடகரையில் நடந்தது

2024 டிசம்பரில் கேரளாவில் கோழிக்கோட்டுக்கு வடக்கே வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவனுக்குள்ளே ரெண்டு பேர் இறந்து கிடந்தாங்க. அடிதடி இல்லை, தீ இல்லை. வண்டியின் ஜெனரேட்டர் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு தளத்தில் இருந்த ஓட்டை வழியா உள்ளே ஏறியிருக்கு. கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் அதே வண்டியை வைத்துச் சோதித்து இதை உறுதி செய்தாங்க.

அந்த வாயுவுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. தலைவலி, கிறக்கம், தூக்கம்தான் வரும். தூங்குகிறவங்களுக்கு அதுவும் தெரியாது. ஆகையால் ஜெனரேட்டர் ஓடும்போது வண்டியில் படுக்காதீங்க. கொடைக்கானல் மாதிரிக் குளிர் ஊருக்குப் போனால் கரி அடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தாதீங்க. பழைய வேன் வாங்கும்போது எஞ்சினைப் பார்க்கிற அதே அக்கறையோடு தளத்தில் ஓட்டை இருக்கா என்று குனிந்து பாருங்க.

மண்டபத்தில் கரண்டு கிடைத்தால்

போகிற இடத்தில் கோயில் மண்டபம், சத்திரம் என்று வெளிக் கரண்டு கிடைக்கலாம். கிடைத்தால் ரைஸ் குக்கரையும் இண்டக்ஷனையும் அங்கே தாராளமா ஓட்டுங்க. ஆனால் 2000 வாட் இண்டக்ஷன் 9 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். சின்ன பிளக்கில் அதைச் சொருகினால் பிளக் கருகும். பெரிய பவர் பிளக்கில்தான் கொடுக்கணும். ரெண்டு பெரிய சாமானை ஒரே நேரத்தில் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் போடாதீங்க.

இன்னொரு ஆபத்து, வண்டி முழுக்க இரும்பு. எங்கேயாவது வயர் உரசி பாடியில் கரண்டு ஏறினால், ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்று கதவைத் தொடுகிறவங்களுக்கு அடி விழும். மூணு முனை பிளக், நல்ல எர்த், வண்டிக்குள்ளே கசிவு வந்ததும் கரண்டைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் சுவிட்ச் ஒண்ணு. உரிமம் பெற்ற எலக்ட்ரீசியனைக் கொண்டே வயரிங் செய்யணும். தெரிந்த பையன் செய்து தருவான் என்று விடாதீங்க.

மனு பற்றி நம்ம கருத்து

கடன் கொடுக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. மனுவைத் திருத்தி எழுதித் தரச் சொல்லுறோம். வீட்டுப் பிரிட்ஜுக்குப் பதில் ஐஸ் பெட்டி. இண்டக்ஷனும் ரைஸ் குக்கரும் வெளிக் கரண்டுக்கு மட்டும். மிக்ஸி ஒண்ணு போதும், அரசு 2011-லிருந்து கொடுத்த இலவச மிக்ஸி நல்ல நிலையில் இருந்தால் அதுவே ஆகட்டும். தனி பேட்டரி, சைன்வேவ் இன்வெர்ட்டர், சரியான வயரிங், சிலிண்டர் அறை, தீயணைப்பு உருளை இந்த ஐந்துக்கும் மதிப்பீட்டில் பணம் ஒதுக்கணும். "புதிதாக ஒன்றும் வாங்க வேண்டாம்" என்று எழுதினால் பாதி வழியிலே கைக்காசு போட வேண்டி வரும், தவணை தவறும்.

வண்டியின் அமைப்பை மாற்றணும் என்றால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ. அனுமதி வேணும். அனுமதி இல்லாமல் மாற்றிய வண்டிக்கு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணத்துக்கு அலைய வேண்டிவரும். அனுமதியை முதலில் விசாரித்துவிட்டு, பிறகு வண்டிக்கு அட்வான்ஸ் கொடுங்க.

வண்டி இல்லாதவங்களுக்கும்

இது ரெண்டு குழுவுக்கான பேச்சு என்று நினைக்காதீங்க. 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் அடித்த பிறகு நம்ம மாவட்டத்தில் எத்தனை ஊர் நாள் கணக்கில் இருட்டில் கிடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். கரண்டு இல்லாத நாளில் நம்ம வீடும் நின்று போன வண்டிதான். வீட்டு இன்வெர்ட்டரில் எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்பதற்கு இதே கணக்குதான். வாடகை ஜெனரேட்டரைத் திண்ணையில் வைத்து ஜன்னலைத் திறந்து போடக் கூடாது என்பதற்கும் இதே புகைதான் காரணம்.

ஆகவே எல்லாக் குழு ஊக்குநர்களுக்கும் ஒரு வேலை தருகிறோம். அடுத்த குழுக் கூட்டத்துக்கு வரும்போது, உறுப்பினர் ஒவ்வொருவரும் தங்கள் அடுக்களைச் சாமானின் அடியில் எழுதியிருக்கும் வாட் எண்ணைப் பார்த்து ஒரு தாளில் எழுதி வரட்டும். சுத்துகிறது ஒரு பக்கம், சூடாக்குகிறது ஒரு பக்கம். படிக்கத் தெரியாத அக்காமாருக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். கேஸ் டியூபின் காலத்தையும் அதிலேயே குறித்துக் கொள்ளுங்க. காலம் முடிந்திருந்தால் அந்த மாதமே மாற்றுங்க.

திருத்திய மனு வந்ததும் அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போடுவோம். வண்டி ஓடட்டும், நம்ம பெண்கள் நாலு ஊர் பார்க்கட்டும். போனவங்க எல்லாரும் நல்லபடியா வீடு வந்து சேரணும்.